ஏழு முழ வழி

மதுரைக்கு வரும் வெளியூர்ப் பயணியின் காதில் முதலில் விழும் பெயர் மாட்டுத்தாவணி என்பதாகும். திருச்சியிலிருந்தும் சென்னையிலிருந்தும் இராமநாதபுரத்திலிருந்தும் வரும் பேருந்துகள் அவனை இங்கேதான் இறக்கி விடுகின்றன. தாவணி என்றால் இன்றைய தலைமுறைக்குப் பெண்பிள்ளைகளின் உடையே நினைவுக்கு வரும். ஆனால், மாடுகளை வரிசையாகப் பிணித்து நிறுத்தும் நெடுங்கயிற்றுக்கும், அவ்வாறு நிறுத்தி விற்கும் சந்தைக்கும் அதுவே பழம்பெயர். சித்திரைத் திருவிழாவையொட்டி நாட்டுப்புறத்து உழவர்கள் தங்கள் காளைகளை நடத்திக்கொண்டு வந்து கூடிய வெளி இது. ஊர் வேறு, வெளி வேறு என்றிருந்த காலம் அது. ஊர் வையைக்குத் தெற்கே முடிந்துவிட்டது. மாடுகள் வையைக்கு வடக்கே நின்றன.

1981ஆம் ஆண்டு சனவரியில் ஐந்தாம் உலகத் தமிழ் மாநாடு மதுரையில் கூடியபோது, இந்த மாட்டுத்தாவணிச் சாலையின் குறுக்கே நக்கீரர் தோரணவாயில் எழுப்பப்பட்டது. நகருக்குள் நுழைகிறோம் என்பதை வருவோர்க்கு உணர்த்திய வாயில் அது. நாற்பது ஆண்டுகளுக்குள் அவ்வாயில் நகருக்கு நடுவே நின்றது. போக்குவரத்துக்கு இடையூறு என வழக்கு எழுந்து, நீதிமன்ற ஆணையின்படி 2025 பிப்ரவரியில் அதனை இடித்தார்கள். இடிக்கும் இரவில் தூண் சரிந்து விழுந்து, எந்திரத்தை இயக்கிய தொழிலாளி உயிரிழந்தார். சாலை அகன்றது. அகன்ற சாலையில் அடுத்த நாளே வாகனங்கள் நிறைந்தன.

ஒரு நகரத்து மக்கள் நடப்பவர்களா, ஊர்திகளில் விரைபவர்களா என்பதை அவர்களுடைய சோம்பலோ சுறுசுறுப்போ தீர்மானிப்பதாக நாம் எண்ணுகிறோம். மருத்துவர்கள் நடக்கச் சொல்லுகிறார்கள். அரசினர் எரிபொருளைச் சிக்கனப்படுத்தச் சொல்லுகிறார்கள். காற்று மாசுபடுவதையும் புவி வெப்பமடைவதையும் அறிஞர்கள் எச்சரிக்கிறார்கள். அறிவுரைக்குப் பஞ்சமில்லை. ஆயினும் மனிதன் பிறக்குமுன்னே அவன் நடக்கப்போகும் வழியை ஒருவர் வரைந்து வைத்துவிடுகிறார் என்பதை யாரும் கருதுவதில்லை. வீட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும், வீட்டுக்கும் கடைவீதிக்கும், வீட்டுக்கும் இறையில்லத்துக்கும் இடையே உள்ள தொலைவை வகுத்தவர்தாம் அவன் கால்களின் வழக்கத்தையும் வகுத்தவர். இதற்கு மதுரையைவிடத் தெளிவான சான்று வேறு தேட வேண்டியதில்லை.

பழைய மதுரையின் அமைப்பை அறியாதார் இல்லை. நடுவே கோயில், அதனைச் சுற்றிச் சதுரம் சதுரமாக ஆடி வீதிகள், சித்திரை வீதிகள், ஆவணி மூல வீதிகள், மாசி வீதிகள், அவற்றுக்கும் அப்பால் கோட்டை நின்ற இடத்தில் வெளி வீதிகள். பதினாறாம் நூற்றாண்டில் விசுவநாத நாயக்கர் காலத்தில் எழுபத்திரண்டு கொத்தளங்களுடன் கோட்டை புதுக்கி எடுக்கப்பட்டபோது இவ்வமைப்பு உறுதி பெற்றது. தேர் திரும்பவும் திருவிழாக் கூட்டம் நிற்கவும் பெருவீதிகள் அகன்றிருந்தன. அவற்றுக்கு இடையே ஆயிரம் சந்துகள் பின்னிக் கிடந்தன. நடுவிலிருந்து எந்தப் பக்கம் நடந்தாலும் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டரில் கோட்டைச் சுவர் வந்துவிடும். கால் மணி நேர நடை. இவ்வளவுக்குள் மன்னனும் வணிகனும் தட்டானும் நெசவாளியும் வாழ்ந்தார்கள். வெண்கலம் வேண்டுமானால் வெண்கலக்கடைத் தெரு, வளையல் வேண்டுமானால் வளையல்காரத் தெரு, பொன் வேண்டுமானால் தெற்கு ஆவணி மூல வீதி. எதுவும் நடைக்கு அப்பாற்பட்டதாக இல்லை. பகலில் நாளங்காடியும் இரவில் அல்லங்காடியும் இயங்கிய ஊர் என்று மதுரைக்காஞ்சி சொல்லும் சங்க காலத்து மதுரையும் கால்நடையால் வாழ்ந்த மதுரையே.

நாயக்கர்களுக்கு முன்னே இந்நகரைக் கண்டு எழுதியவர்களுள் நமக்கு மிகவும் வேண்டியவர் இப்னு பதூதா. மதுரையில் 1335ஆம் ஆண்டளவில் தனியாட்சி நிறுவிய ஜலாலுத்தீன் அஹ்ஸன் ஷாவின் மகளை மணந்தவர் அவர். 1340களில் கியாஸுத்தீன் தாமகானி ஆண்டபோது இங்கு வந்தார். மதுரை பெரிய நகரம் என்றும், அதன் தெருக்கள் அகலமானவை என்றும், தம் மாமனார் இதனைத் தலைநகராக்கி டில்லியைப் போல் தோன்றுமாறு கட்டினார் என்றும் அவர் குறித்திருக்கிறார். மாமனாரைப் புகழும் மருமகனின் பேச்சு என்று சிறிது தள்ளுபடி செய்துகொள்ளலாம். ஆனால், உலகின் பாதியைச் சுற்றிய ஒருவர் நம் ஊருக்கு வந்ததும் முதலில் தெருக்களைக் கவனித்தார் என்பதில் ஒரு பாடம் உண்டு. அவர் கண்ட மதுரையில் கொள்ளைநோயும் இருந்தது. மக்கள் இரண்டு மூன்று நாள்களில் மடிந்ததை அவர் உருக்கமாக எழுதியிருக்கிறார். பழைய நகரங்கள் எல்லாம் பொன்னுலகம் என்று நான் சொல்ல வரவில்லை. நெருக்கமும் நோயும் சாக்கடையும் அவற்றில் இருந்தன. நடை மட்டும் அவற்றில் சுமையாக இருந்ததில்லை.

இனி, நம்மவர் வாழ்ந்த தெருக்களைப் பார்ப்போம். நகரின் தென்மேற்கில், இன்றைய பெரியார் பேருந்து நிலையத்துக்கு அருகே, காஜிமார் தெரு உள்ளது. காஜி செய்யிது தாஜுத்தீன் அவர்கள் பாண்டியர் காலத்தில் வந்து தங்கிப் பள்ளிவாசல் எழுப்பினார்கள் என்பதும், அவர்களின் வழித்தோன்றல்களே அத்தெருவின் குடிகள் என்பதும் வழிவழி வந்த செய்தி. பள்ளிவாசலைச் சுற்றி வீடுகள். வீடுகளுக்கு இடையே சந்துகள். சந்துகளின் முனையில் கடைகள். இதற்கு மஹல்லா என்று பெயர். மஹல்லாவின் எல்லையை எந்த அளவைக் கோலும் வகுக்கவில்லை. ஒலிபெருக்கி வருவதற்கு முந்திய காலத்தில் மோதினாரின் குரல் எட்டும் தொலைவும், அக்குரலைக் கேட்டு ஒளூச் செய்து புறப்படுபவன் ஜமாஅத்துக்குள் வந்து சேரும் தொலைவும் அதன் இயற்கையான எல்லைகள். ஒரு நாளைக்கு ஐந்து வேளை போகவும் வரவுமாகப் பத்து நடை.

நடையைப் பற்றி நம் மார்க்கம் கூறுவதை நாம் நன்மைக் கணக்காக மட்டுமே கேட்டுப் பழகிவிட்டோம். அதில் நகர அமைப்பும் இருக்கிறது. மதீனாவில் பனூ ஸலிமா கூட்டத்தார் நகரின் ஓரத்தில் குடியிருந்தார்கள். நபிகளாரின் பள்ளிக்கு அருகே மனைகள் காலியானபோது அங்கே குடிபெயர விரும்பினார்கள். பெருமானார் (ஸல்) அவர்கள் அதனைத் தடுத்து, உங்கள் வீடுகளிலேயே இருங்கள், உங்கள் காலடிகள் எழுதப்படுகின்றன என்னும் கருத்துப்பட அறிவுறுத்தினார்கள். நகரின் ஓரம் ஆளற்று வெறிச்சோடுவதை அவர்கள் விரும்பவில்லை என்று அனஸ் (ரலி) அவர்களின் அறிவிப்பு கூடுதலாக ஒரு காரணத்தைத் தருகிறது. இங்கே ஒரு நண்பர் குறுக்கிடலாம்: "அப்படியானால் தொலைவில் குடியிருப்பதுதானே சிறப்பு? மேலூர்ச் சாலையில் மனை வாங்குவதை ஏன் குறை சொல்லுகிறீர்?" பனூ ஸலிமாவினர் தொலைவில் இருந்தார்கள், ஆனால் நடந்து வந்தார்கள் என்பதே அவருக்கு விடை. நடக்க முடியாத தொலைவு எதுவும் அக்கணக்கில் எழுதப்படுவதற்கில்லை. பெருமானார் (ஸல்) அவர்களே சனிக்கிழமைதோறும் குபாவுக்குச் சில வேளை நடந்தும் சில வேளை ஊர்தியிலும் சென்றார்கள் என்று புகாரியில் காண்கிறோம். ஊர்தி விலக்கப்படவில்லை, நடை கைவிடப்படவுமில்லை. ஜும்ஆவுக்கு ஏறி வராமல் நடந்து வருவதைத் தனியே சிறப்பித்தும் நபிமொழி உண்டு. வெள்ளிக்கிழமை நண்பகலில் நம் பள்ளிவாசல்களின் முன்னே சாலையை அடைத்து நிற்கும் இருசக்கர வண்டிகளைக் காணும்போதெல்லாம் அது என் நினைவுக்கு வருகிறது.

வழியைப் பற்றி மக்கள் பிணங்கினால் ஏழு முழம் விடுக என்பது பெருமானார் (ஸல்) அவர்களின் தீர்ப்பு. ஏறக்குறைய பத்தரை அடி. சுமையேற்றிய இரண்டு ஒட்டகங்கள் எதிரெதிரே வந்தாலும் விலகிப் போகலாம். துனிஸ் முதலிய அரபு நகரங்களின் தெருக்கள் இந்த அளவைத் தழுவியே வளர்ந்தன என்று அந்நகரங்களை ஆராய்ந்தவர்கள் காட்டியிருக்கிறார்கள். மொராக்கோவின் பெஸ் நகரத்துப் பழைய பகுதியில் இன்றும் மோட்டார் வண்டி நுழைவதில்லை. கழுதையும் கைவண்டியும் மனிதக் கால்களுமே சுமை கொண்டு செல்கின்றன. வழியில் அமர்பவன் வழிக்குரிய உரிமையைக் கொடுக்க வேண்டும் என்றும், வழியிலிருந்து இடர் தருவதை அகற்றுவது தருமம் என்றும் வரும் நபிமொழிகளை இதனோடு சேர்த்துப் படித்தால், தெரு என்பது வீடுகளுக்கு இடையே மிஞ்சிய வெற்றிடமன்று, உரிமைகளுடைய ஒன்று என்பது விளங்கும்.

தமிழகத்தில் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு காயல்பட்டினம். அங்கே பெருந்தெருக்களுக்கு இடையே வீடுகளின் பின்புறமாகவும் பக்கவாட்டிலும் முடுக்கு எனப்படும் ஒடுங்கிய வழிகள் உண்டு. அவை பெண்களுக்கென்றே அமைந்தவை. மணமான மகள் தாய்வீட்டிலோ அதற்கு அணித்தாகவோ குடியிருப்பது அவ்வூரிலும் கீழக்கரையிலும் வழக்கம். ஆகவே தாயும் மகளும், அக்காளும் தங்கையும் ஊர்தியின் துணையோ ஆடவர் துணையோ இன்றி ஒரு நாளில் பலமுறை சென்று வர முடிந்தது. கோஷா முறையின் விளைவு என்று ஒதுக்கிவிடுவோர் ஒதுக்கட்டும். புறநகர் மாடி வீட்டில், கணவன் வண்டியை எடுத்துச் சென்றபின், மாலைவரை எங்கும் போக முடியாமல் இருக்கும் இளம்பெண்ணைக் காட்டிலும் முடுக்கில் நடந்தவள் ஒரு வகையில் விடுதலை பெற்றவள் என்றே நான் கருதுகிறேன்.

மதுரைக்குத் திரும்புவோம். கோட்டைக்குள் அடங்கியிருந்த நகரம் முதன்முதலாக உடைத்துக்கொண்டு வெளிவந்தது பிளாக்பர்ன் என்னும் ஆங்கிலேயர் கலெக்டராக இருந்தபோது. 1830களின் பிற்பகுதியில் தொடங்கிச் சில ஆண்டுகளில் கோட்டைச் சுவர் இடிக்கப்பட்டது, அகழி தூர்க்கப்பட்டது. அவர் அதனைச் செய்த முறைதான் கவனிக்கத்தக்கது. அரசாங்கப் பணத்தைக் கொட்டாமல், மதிலை இடித்து அகழியைத் தூர்த்துக்கொள்ள முன்வந்த மக்களுக்கே அந்நிலத்தில் வீடு கட்டிக்கொள்ள இடம் கொடுத்தார். நில அளவையாளர் மாரட்டும் மேற்பார்வையாளர் பெருமாள் மேஸ்திரியும் அவருக்குத் துணை நின்றார்கள். இருவர் பெயரும் தெருப் பெயர்களாக இன்றும் வாழ்கின்றன. பிளாக்பர்னின் நினைவாக எழுந்ததே விளக்குத்தூண். இடிபடாமல் தப்பிய கோட்டைத் துண்டு ஒன்று பெரியார் பேருந்து நிலையத்துக்கு அருகே இருக்கிறது. அதன் முன்னே நின்று பார்ப்பவர் சிலர்.

இடிப்பு என்றவுடன் அழிவு என்று முடிவு கட்டிவிடலாகாது. பிளாக்பர்ன் புதிதாக உண்டாக்கிய தெருக்கள் பழைய தெருக்களோடு இழைந்து சென்றன. மாசி வீதிக்கு வெளியே மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதி, அதற்கும் வெளியே வெளி வீதி என்று பழைய சதுரங்களைச் சுற்றி மேலும் சதுரங்களே வளர்ந்தன. நகரம் பெருகியது, நடை குலையவில்லை. 1875இல் இருப்புப்பாதை வந்தபோது நிலையம் மேலவெளி வீதிக்கு எதிரேயே அமைந்தது. இரயிலிலிருந்து இறங்குபவன் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு கோயிலுக்கோ காஜிமார் தெருவுக்கோ நடந்து போகலாம். இன்றும் போகலாம். 1901ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் மதுரையின் மக்கள் தொகை 1,05,984. இவ்வளவு பேரும் பெரும்பாலும் தங்கள் கால்களை நம்பியே வாழ்ந்தார்கள்.

இந்த அமைப்பின் அருமையை வெளியிலிருந்து வந்து உணர்ந்தவர் ஸ்காட்லாந்து நாட்டுப் பேராசிரியர் பாட்ரிக் கெடிஸ். சென்னை ஆளுநர் பென்ட்லண்டு பிரபுவின் அழைப்பின்பேரில் 1914–15இல் வந்து, சென்னை மாகாணத்து நகரங்களைச் சுற்றிப் பார்த்து அறிக்கை எழுதினார். நெருக்கமான குடியிருப்புகளைக் கண்டவுடன் நடுவே நேர்கோடாகப் பெருஞ்சாலை வெட்டிவிட வேண்டும் என்பதே அக்காலத்துப் பொறியாளர் மரபு. கெடிஸ் அதனை மறுத்தார். எத்தனை குடும்பங்களை வீதியில் நிறுத்துகிறீர்கள், அதற்கு எவ்வளவு செலவு என்று கணக்குக் கேட்டார். பாழடைந்த சில வீடுகளை மட்டும் எடுத்துவிட்டு, அவ்விடத்தில் மரமும் சிறு வெளியும் அமைத்து, சந்துகளை இணைத்துவிட்டால் காற்றும் வரும், குடியும் கலையாது என்றார். நோயாளியை வெட்டிக் கொல்லாமல் காக்கும் அறுவை மருத்துவம் என்பது அவர் முறையின் கருத்து. கோயில் நகரங்களின் தேரோடும் வீதிகள் அவரை மிகவும் கவர்ந்தன. அவற்றைப் பற்றித் தனியே எழுதவும் செய்தார்.

அமெரிக்காவில் கிளாரன்ஸ் பெர்ரி என்பவர் 1929இல் அக்கம்பக்க அலகு என்று ஒரு திட்டம் வரைந்தார். நடுவே ஒரு பள்ளிக்கூடம்; எந்த வீட்டிலிருந்தும் கால் மைலுக்குள் குழந்தை நடந்து அங்கே வந்துவிட வேண்டும்; பெருஞ்சாலை எல்லையில் ஓடவேண்டுமே தவிர ஊடே ஓடக்கூடாது. பாரிஸில் கார்லோஸ் மொரேனோ என்பவர் 2016 முதல் பதினைந்து நிமிட நகரம் என்பதைப் பேசி வருகிறார். பள்ளிக்கூடம் இருக்கும் இடத்தில் பள்ளிவாசலை வைத்துப் பார்த்தால், பெர்ரியின் படம் நம் மஹல்லாவின் படம்தான். அவர்கள் நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள் என்று மார்தட்டுவதற்காக இதனைச் சொல்லவில்லை. நம்மிடம் இருந்ததை நாம் விட்டுவிட்ட காலத்தில்தான் அவர்கள் அதனைத் தேடத் தொடங்கினார்கள் என்பதே என் மனத்தை உறுத்துகிறது.

வையையின் வடகரைக்கும் நமக்கும் உள்ள உறவு புதியதன்று. கோரிப்பாளையம் தர்காவின் நிலவுரிமையை வீரப்ப நாயக்கர் காலத்தில், 1573இல், உறுதிப்படுத்திய கல்வெட்டில் குறிக்கப்படும் சிற்றூர்களுள் சொக்கிகுளம், பீபிகுளம், கண்ணனேந்தல், திருப்பாலை ஆகியவை உண்டு. அவை அன்று வயலும் கண்மாயுமாக இருந்த ஊர்கள். 1889இல் ஆல்பர்ட் விக்டர் பாலம் திறக்கப்பட்டபின் வடகரையில் நகரம் பரவியது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் அண்ணா நகர், கே.கே. நகர் என விரிந்தது. 2011இல் மாநகராட்சியின் பரப்பு ஏறக்குறைய 52 சதுரக் கிலோமீட்டரிலிருந்து 148 ஆக உயர்ந்தது. கல்வெட்டில் கண்ட திருப்பாலையை இன்று நத்தம் சாலையின் ஏழு கிலோமீட்டருக்கு மேற்பட்ட பறக்கும் பாலம் தாண்டிச் செல்கிறது; 2023இல் திறக்கப்பட்டது அது. பாலத்தின் மேல் போகிறவனுக்குத் திருப்பாலை என்றொரு ஊர் கீழே இருப்பதே தெரியாது.

நகரம் இவ்வாறு பரந்தபோது நம்மைக் காத்தது பேருந்து. 1972இல் அரசுடைமையாகிப் பாண்டியன் போக்குவரத்துக் கழகமாக உருவெடுத்த நகரப் பேருந்துகள் எளியோரின் ஊர்தியாக இருந்தன. சாதாரண நகரப் பேருந்துகளில் மகளிர் கட்டணமின்றிப் பயணம் செய்யலாம் என்று 2021 மே மாதத்தில் தமிழக அரசு செய்த ஏற்பாடு, கூலிவேலைக்குச் செல்லும் பெண்களுக்குச் செய்த பெரும் உபகாரம். பேருந்தையும் நடையையும் பகையாக எண்ணுவது பிழை. பேருந்தில் செல்பவன் புறப்படும்போது ஒருமுறையும் இறங்கியபின் ஒருமுறையும் நடந்தே தீரவேண்டும். அந்த இரு நடைகளும் எளிதாக இருக்கும் இடத்தில் பேருந்து நிறைகிறது. அவை இடர்ப்பாடாக இருக்கும் இடத்தில், கட்டணம் இல்லையென்றாலும், மகன் தவணையில் ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கிவிடுகிறான்.

இவ்விடத்தில்தான் மாட்டுத்தாவணி வருகிறது. நகருக்குள்ளே பல இடங்களிலிருந்து புறப்பட்ட வெளியூர்ப் பேருந்துகளில் பெரும்பகுதியை ஒன்றுசேர்த்து 1999இல் இங்கே நிலையம் கட்டினார்கள். மேற்கே செல்வனவற்றுக்கு ஆரப்பாளையம் நின்றது. நகரின் நெரிசல் குறைய இது வேண்டியதே. அதனைக் குறைகூறுவது நன்றியன்று. சித்திரை வீதிகளில் இன்று வண்டிகளின்றி மக்கள் உலாவுகிறார்கள் என்றால், பேரூர்திகள் வெளியேறியதும் அந்த அமைதிக்குத் துணைசெய்தது. ஆனால் இருப்புப்பாதை நிலையத்துக்கும் புதிய பேருந்து நிலையத்துக்கும் இடையே ஆறு கிலோமீட்டர் விழுந்தது. 1875இல் நிலையம் நகரின் வாயிலில் வைக்கப்பட்டது. 1999இல் நிலையம் வைத்த இடத்துக்கு நகரம் பின்னால் ஓடிவந்தது. பூச்சந்தையும் பழச்சந்தையும் காய்கறிச் சந்தையும் அங்கே வந்தன. 2004இல் உயர்நீதிமன்றக் கிளை உலகனேரியில் அமைந்தது. அவற்றைச் சூழ மனைப்பிரிவுகள் முளைத்தன.

அம்மனைப்பிரிவுகளின் அமைப்பைச் சற்று ஆராய்ந்து பார்க்க வேண்டும். பழைய மதுரையில் தெரு முதலில் வகுக்கப்பட்டது. வீடு பின்னர் வந்தது. இங்கோ ஒருவருடைய வயல் முதலில் விற்கப்படுகிறது. அந்த வயலின் வரப்பே மனைப்பிரிவின் எல்லையாகிறது. பக்கத்து வயலை மற்றொருவர் வாங்கி மற்றொரு மனைப்பிரிவு போடுகிறார். ஒன்றின் தெரு மற்றொன்றின் தெருவோடு சேர்வதில்லை. ஒவ்வொன்றுக்கும் பெருஞ்சாலையில் ஒரே வாயில், சுற்றிலும் சுவர். இருபத்துமூன்று அடி ரோடு, முப்பது அடி ரோடு என்று விளம்பரத்தில் பெருமையாகப் போடுகிறார்கள். நபிகளார் (ஸல்) விதித்த அளவைவிட இரண்டு மடங்கும் மூன்று மடங்கும் அகலம்தான். அகலத்தால் என்ன பயன்? அந்த முப்பது அடியில் நிழல் தரும் மரம் ஒன்றில்லை. உப்பும் புளியும் விற்கும் கடை ஒன்றில்லை. போய்ச் சேர்வதற்கு இடமும் இல்லை. பத்தரை அடிச் சந்து ஒன்று மறுபக்கம் திறந்திருந்தால் அது இந்த முப்பது அடியைவிட மேலானது.

இதனை நான் ஏட்டறிவாகச் சொல்லவில்லை. என் அத்தா அறுபது ஆண்டுகள் காஜிமார் தெருவை அடுத்த ஒரு சந்தில் வாழ்ந்தவர். பள்ளிவாசலுக்கு அவர் வீட்டு வாசலிலிருந்து இருநூற்றுப் பன்னிரண்டு எட்டு. பிள்ளைகள் நாங்கள் பெருகினோம், வீடு சுருங்கியது. ஒத்தக்கடைக்கு இப்பால் ஒரு மனைப்பிரிவில் இடம் வாங்கி வீடு கட்டினோம். மனை வாங்கும்போது பட்டா பார்த்தோம், வில்லங்கம் பார்த்தோம், தண்ணீர் பார்த்தோம். அத்தா மட்டும், "பள்ளிக்கு எத்தனை எட்டு இருக்கும்?" என்று கேட்டார்கள். "பக்கம்தான் அத்தா, பின்னாடியே இருக்கு" என்றேன். பொய்யன்று. எங்கள் மனைப்பிரிவின் பின்சுவருக்கு அப்பால், முந்நூறு மீட்டரில், சிறிய பள்ளிவாசல் ஒன்று உண்டு. அதற்கு அருகே நகரப் பேருந்து நிற்குமிடமும் உண்டு. மினாராவை மாடியிலிருந்து பார்க்கலாம். ஆனால் பின்சுவரில் வழியில்லை. வாயில் வழியே வெளிவந்து, பெருஞ்சாலையின் ஓரமாக, லாரிகளை ஒட்டிச் சென்று, அடுத்த மனைப்பிரிவைச் சுற்றிப் போனால் ஒன்றேகால் கிலோமீட்டர். எண்பது வயதை நெருங்கியவர் சுபுஹு நேரத்து இருட்டில் அவ்வழியே நடக்க முடியுமா? முதல் ஆண்டு வண்டியில் அழைத்துச் சென்றோம். பின்னர், எங்கள் தூக்கத்தைக் கெடுக்க மனமில்லாமல், வீட்டிலேயே தொழுதுகொள்ளத் தொடங்கினார்கள். ஆறு மாதத்தில் முழங்கால் பிடித்துக்கொண்டது. மருத்துவர், "தினமும் கொஞ்சம் நடங்க பாய்" என்றார்.

பிள்ளைகளின் நிலையும் அதுவே. பள்ளிக்கூடம் சாலைக்கு எதிர்ப்புறம். வேன் வந்து ஏற்றிச் செல்கிறது. பத்து வயதில் மாசி வீதி முழுதும் தனியே சுற்றியவன் நான். பத்து வயதான என் மகனுக்கு எங்கள் மனைப்பிரிவின் வாயிலுக்கு அப்பால் ஊர் தெரியாது. வீட்டில் மூன்று வண்டிகள். இவற்றில் எதையும் ஆடம்பரத்துக்காக வாங்கவில்லை. ஒவ்வொன்றும் ஒரு சுவருக்காக வாங்கியது.

ஜமாஅத்துகள் இதில் செய்யத்தக்கது மிகுதி என்பது என் கருத்து. நம்மவர் புறநகரில் மனை வாங்கும்போது பெரும்பாலும் கூட்டாகவே வாங்குகிறார்கள். ஒருவர் போனால் உறவினர் பத்துப்பேர் பின்னே போகிறார்கள். பத்துப் பேராகப் போகிறவர்களுக்கு விற்பவரிடம் கேட்கும் வலிமை உண்டு. படம் வரையும் நிலையிலேயே, பக்கத்து மனைப்பிரிவுக்கு ஒரு நடைவழி விடுக என்று கேட்கலாம். பத்தாயிரம் சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலை நீங்கிய பரப்பில் பத்தில் ஒரு பங்கைப் பொதுவெளியாக ஒப்படைக்க வேண்டும் என்பது தமிழகத்து விதி. அப்பொதுவெளியை எவரும் வாங்காத மூலையில் ஒதுக்காமல், இரு மனைப்பிரிவுகள் சந்திக்கும் எல்லையில் வைத்தால் அதுவே வழியாகிவிடும். பள்ளிவாசல் கட்ட நிலம் தேடுபவர்களும் நெடுஞ்சாலையின் முகப்பில் மினாரா தெரிய வேண்டும் என்பதையே கருதுகிறார்கள்; வாகனம் நிறுத்த இடமுண்டா என்று பார்க்கிறார்கள். எத்தனை வீடுகளிலிருந்து கிழவரும் சிறுவரும் நடந்து வரலாம் என்று எண்ணிப் பார்த்து நிலம் வாங்கிய நிர்வாகத்தை நான் இன்னும் சந்திக்கவில்லை. கிணறு தோண்டி வக்பு செய்தவர்கள் உண்டு, முசாபிர்கானா கட்டி வக்பு செய்தவர்கள் உண்டு. ஒரு வழியை வக்பு செய்வதும் அவற்றுக்குக் குறைந்ததன்று.

சென்ற ஆண்டு எங்கள் மனைப்பிரிவில் குடியிருப்போர் கூட்டத்தில் இப்பேச்சை எடுத்தேன். பின்சுவரை ஒட்டி இரண்டு மனைகள் இன்னும் வெறுமனே கிடக்கின்றன. இரண்டுக்கும் நடுவே, ஆளுக்குக் கொஞ்சம் விட்டுக் கொடுத்தால், ஒரு முடுக்குக் கிடைக்கும். சுவரில் ஒரு சிறு வாயில் வைத்தால் போதும். திருட்டுப் பயம் என்றார் ஒருவர். மனையின் விலை குறையும் என்றார் ஒருவர். அந்தப் பக்கத்து ஆள்கள் நம் தெருவில் நடமாடுவார்களே என்று தயங்கினார் இன்னொருவர். பேருந்துக்குப் போக வசதி என்று பெண்கள் ஒரே குரலில் ஆதரித்தார்கள். அவர்களுள் பெரும்பாலோர் முஸ்லிம்கள் அல்லர். மனைக்காரர்களில் ஒருவர் வெளிநாட்டில் இருக்கிறார். அவர் தம் பங்கை விலையின்றி எழுதித் தருவதாகச் சொல்லிவிட்டார். மற்றவர் விலை கேட்கிறார்.

அத்தாவிடம் இதனைச் சொன்னேன். "எவ்வளவு அகலம் கேட்டிருக்கே?" என்றார்கள். ஏழு முழம் என்றேன். சிறிது நேரம் மினாரா இருந்த பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "நாலு முழம் போதும்னு சொல்லிப் பாரு. ஒட்டகமா வரப்போவுது?" என்றார்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை அந்த மனைக்காரரைப் போய்ப் பார்ப்பதாக இருக்கிறோம்.